கதவு திறந்திருப்பது காருக்குத் தெரியவில்லை

வண்டி 2004 டொயோட்டா கேம்ரி. இடம் நியூ ஜெர்சி. வேலை, மகளுக்கு இன்னொரு ரிமோட் பதிவு செய்து கொடுப்பது. சனிக்கிழமை காலை காபியைக் கலந்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன், அது ஆறிப்போவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிந்தது அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது அந்த எட்டு நாள் மிச்சமாகும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி கைமாறி வந்தது. வாங்கும்போது இரண்டு சாவி, ஒரு ரிமோட் கொடுத்தார்கள். இந்த மாடலில் சாவி தனி, ரிமோட் தனி. கறுப்பு நிறத்தில் கூழாங்கல் மாதிரி ஒரு வில்லை, அதில் நான்கு பொத்தான்: பூட்ட, திறக்க, டிக்கி, அப்புறம் அலறவிடுகிற சிவப்புப் பொத்தான். அந்த ஒன்று என் சாவிக்கொத்தில் தொங்கும். மகள் லைசென்ஸ் எடுத்ததும் எங்கள் வீட்டில் ரிமோட் பஞ்சம் வந்துவிட்டது. ஒரு டீலரிடம் கேட்டேன். ரிமோட்டுக்கு ஒரு விலை, அதைப் பதிவு செய்ய அதே அளவுக்கு ஒரு கூலி என்றார்கள். வண்டியின் இன்றைய மதிப்போடு அதை ஒப்பிட்டுப் பார்க்க மனசு வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், இதில்தான் பலர் காசை விடுகிறார்கள். காரில் இரண்டு தனித்தனி சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று, கதவைத் திறக்கும் ரிமோட். அது பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ரேடியோ. இன்னொன்று, சில வண்டிகளில் சாவியின் தலைக்குள் இருக்கும் சிப். அதற்குப் பேட்டரி கிடையாது, இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதற்கு உயிர் கொடுக்கும், அது சரியாகப் பேசினால்தான் என்ஜின் கிளம்பும். ரிமோட் செத்தாலும் வண்டி ஓடும். சிப் செத்தால் கதவு திறக்கும், வண்டி நகராது. இங்கே நான் சொல்லப்போவது முழுக்க முதல் வகையைப் பற்றி.

முதல் சறுக்கல் என்னுடையது

இணையத்தில் படம் பார்த்து 14 டாலருக்கு ஒரு ரிமோட் வாங்கினேன். வந்தது அச்சு அசலாக அதே வடிவம், அதே பொத்தான்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை அப்போது இல்லை. அமெரிக்காவில் விற்கும் இதுபோன்ற ரேடியோ சாதனங்களில் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, கொடுத்த அடையாள எண் இருக்கும். என் பழைய ரிமோட்டின் முதுகில் தேய்ந்துபோன எழுத்தில் ‘ஜிக்யூ43விடி14டி’ என்று இருந்தது. புதிதாக வந்ததில் 14 இருந்த இடத்தில் 20. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், காருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். திருப்பி அனுப்பிவிட்டு, எண்ணைப் பார்த்து இன்னொன்று வாங்கினேன்.

எண் பொருந்துவதைப் போலவே அலைவரிசையும் பொருந்த வேண்டும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பேசும். ஐரோப்பாவில் 433.92. வேறு நாட்டிலிருந்து வரும் யாரிடமாவது “அங்கே மலிவாக் கிடைக்குமே, ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்” என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்கவும்.

பேட்டரியிலும் ஒரு சின்னக் கண்ணி. இதற்குள் போவது சிஆர்2016. அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: 20 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிமன். வீட்டில் எப்போதும் கிடக்கும் சிஆர்2032 அதே விட்டம்தான், ஆனால் இரண்டு மடங்கு தடிமன். அழுத்தி உள்ளே திணிக்கலாம், மூடியும் எப்படியோ சேர்ந்துவிடும். அப்புறம் பொத்தான் எப்போதும் அமுங்கியே இருக்கும்.

காருக்கு முன்னால் ஆடிய கூத்து

“ரிமோட்டை புரோகிராம் செய்வது” என்று சொல்கிறோமே தவிர, ரிமோட்டில் நாம் எதையும் மாற்றுவதில்லை. அது பிறக்கும்போதே தன் அடையாளத்தோடு பிறந்துவிட்டது. நாம் செய்வதெல்லாம், ‘இந்த ஆள் நம்ம ஆள்தான், குறித்து வைத்துக்கொள்’ என்று காருக்குச் சொல்வது. அதைச் சொல்ல 2004 கேம்ரிக்குக் கணினி எதையும் செருக வேண்டாம். சாவி, ஓட்டுநர் கதவு, இக்னிஷன் மூன்றையும் வைத்து ஒரு ரகசியத் தட்டு தட்ட வேண்டும்.

தட்டு இதுதான். மற்ற கதவுகளெல்லாம் மூடியிருக்க, ஓட்டுநர் கதவு திறந்திருக்க, பூட்டுகள் விடுபட்டிருக்க, உள்ளே உட்கார வேண்டும். சாவியை இக்னிஷனில் செருகி எடுக்க வேண்டும், 5 வினாடிக்குள் இரண்டு முறை. பிறகு கதவை இரண்டு முறை மூடித் திறந்து, சாவியை ஒரு முறை செருகி எடுக்க வேண்டும். இதற்கு 40 வினாடி அவகாசம். மறுபடி கதவை இரண்டு முறை மூடித் திறந்து, சாவியைச் செருகி, கதவை மூட வேண்டும். அதற்கும் 40 வினாடி. இப்போது சாவியை ‘ஆன்’ வரை திருப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டும். எத்தனை முறை திருப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு முறை என்றால் இருக்கும் ரிமோட்டுகளோடு புதியதைச் சேர்க்கும். இரண்டு முறை என்றால் பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். மூன்று முறை என்றால் இதுவரை எத்தனை ரிமோட் பதிவாகியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். ஐந்து முறை என்றால் எல்லாவற்றையும் அழித்து ரிமோட் வசதியையே முடக்கிவிடும். ஐந்து பக்கம் போகாதீர்கள்.

சாவியை எடுத்ததும் கார் பதில் சொல்ல வேண்டும்: கதவுப் பூட்டுகள் தாமாகவே ஒரு முறை பூட்டித் திறந்தால் ‘சரி, சேர்க்கத் தயார்’ என்று பொருள். அந்தச் சத்தம் கேட்டதும் 40 வினாடிக்குள் புது ரிமோட்டின் பூட்டும் பொத்தானையும் திறக்கும் பொத்தானையும் சேர்த்து ஒரு வினாடி, மிஞ்சினால் ஒன்றரை வினாடி அழுத்தி விட்டுவிட்டு, 3 வினாடிக்குள் பூட்டும் பொத்தானை மட்டும் ஒரு வினாடிக்கு மேல் அழுத்த வேண்டும். பூட்டுகள் ஒரு முறை அடித்தால் பதிவாகிவிட்டது. இரண்டு முறை அடித்தால் ஆகவில்லை.

படிக்கும்போது ஏதோ பூஜை முறை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். தெரியாத்தனமாக யாரும் இந்த வரிசையில் கதவைத் திறந்து மூட மாட்டார்கள். கையில் சரியான சாவி இல்லாதவன் செய்யவே முடியாது. காரில் ஏற்கெனவே இருக்கும் சுவிட்சுகளே போதும், புதிதாக ஒரு பொத்தான்கூட வைக்க வேண்டாம்.

செய்தேன். கார் வாயைத் திறக்கவில்லை. மறுபடி செய்தேன். ஏழு முறை செய்தேன். மகள் கைபேசியில் வினாடிகளை எண்ணிச் சொல்ல, நான் கதவை அடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது பார்த்தார். அரை மணி கழித்துத் திரும்பி வரும்போதும் பார்த்தார். நான் அப்போதும் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

“அப்பா, ரிமோட் டூப்ளிகேட்டா இருக்கும், விடுங்க” என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த எண்ணத்தில் ஓர் ஓட்டை இருந்தது, அது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. முதல் கட்டத்தில் புது ரிமோட்டுக்கு வேலையே இல்லையே! சாவியும் கதவும் மட்டும்தான். கார் ‘தயார்’ என்று சொல்லும் வரை ரிமோட்டைத் தொடவே இல்லை. அது டூப்ளிகேட்டாக இருந்தால் என்ன, சோப்புக்கட்டியாக இருந்தால்தான் என்ன?

ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி

அக்கா வீட்டுக்காரர் ஈரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நாங்கள் பேசுவதில் பாதி அரசியல், பாதி வண்டி. அந்த வாரம் பேசும்போது இதைச் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நீ கதவத் தொறந்து மூடறது இருக்கட்டும் மாப்ள. கதவு தொறந்திருக்குன்னு வண்டிக்குத் தெரியுதா?”

“அது எப்படி மச்சான் தெரியாமப் போகும்?”

“தெரிஞ்சா லைட் எரியோணுமல்ல. எரியுதா?”

என்னிடம் பதில் இல்லை. உள்கூரை விளக்கின் சுவிட்சை வண்டி வாங்கிய மாதமே ‘ஆஃப்’ பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி இறங்கிப்போனதால் செய்த ஏற்பாடு. அதற்கப்புறம் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் வண்டியை ஒரு நோயாளி மாதிரி பரிசோதித்தேன். ரகசியத் தட்டில் காருக்கு உள்ளே போகும் செய்திகள் மூன்றுதான்: சாவி செருகப்பட்டிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, இக்னிஷன் ‘ஆன்’. வெளியே வரும் செய்தி ஒன்று: பூட்டு மோட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும்.

பழைய ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டித் திறக்கிறது. ஆகவே மோட்டார், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி இரண்டும் நலம். இக்னிஷன் ‘ஆன்’ வேலை செய்யாவிட்டால் வண்டியே ஓடாது. சாவி செருகியிருப்பதைக் கண்டுபிடிக்க பூட்டுருளையில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த வண்டியில் சாவி இக்னிஷனில் இருக்கும்போது ரிமோட் வேலை செய்யாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சாவியைச் செருகிவிட்டு ரிமோட்டை அழுத்தினேன், சத்தமே இல்லை. எடுத்துவிட்டு அழுத்தினேன், ‘டக்’. ஆகவே அந்த சுவிட்சும் நலம்.

மிச்சம் கதவு.

சாவியைச் செருகி, ஓட்டுநர் கதவைத் திறந்தேன். இந்த நிலையில் ‘டிங், டிங்’ என்று வண்டி ஞாபகப்படுத்த வேண்டும், சாவியை மறந்துவிட்டுப் போகாதே என்று. மயான அமைதி. டேஷ்போர்டில் கதவு திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரியவில்லை. பின்கதவைத் திறந்தேன், விளக்கு எரிந்தது. ஓட்டுநர் கதவை மட்டும் இருபது முறை திறந்து மூடினேன். மூன்று முறை விளக்கு வந்தது, அதிலும் ஒரு முறை மினுக்கென்று வந்து போனது. கேம்ரியைப் பொறுத்தவரை ஓட்டுநர் கதவு அநேகமாக எப்போதும் மூடியே இருக்கிறது. அப்படியானால் நான் எத்தனை முறை அடித்தாலும் அதன் கணக்கில் பூஜ்யம்தான்.

இதைச் சோதிக்க உள்கூரை விளக்கைவிட டேஷ்போர்டு விளக்கு நல்லது. கூரை விளக்கு கதவை மூடிய பிறகும் சற்று நேரம் எரிந்து மெல்ல மங்கும். நீங்கள் அடுத்த முறை திறக்கும்போது எரிவது புது வெளிச்சமா, பழைய மிச்சமா என்று தெரியாது. டேஷ்போர்டு விளக்கு உடனுக்குடன் வரும், போகும்.

உட்கார்ந்து யோசித்தபோது இன்னொரு மர்மமும் அவிழ்ந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் ‘பேய்ப் பூட்டு’ என்று பெயர். குளிர்காலக் காலைகளில் ரிமோட்டால் வண்டியைத் திறந்து, கதவைத் திறந்து, உள்ளே கிடக்கும் பனி சுரண்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பிப்பேன். பாதி சுரண்டும்போது ‘டக்’ என்று எல்லாக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு வருடமாக இப்படித்தான். பழைய வண்டி, ஏதோ வயரிங் கோளாறு என்று விட்டுவிட்டேன். அது கோளாறே இல்லை. ரிமோட்டால் திறந்த பிறகு 30 வினாடிக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால் கார் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். பையில் இருக்கும்போது பொத்தான் அமுங்கி வண்டி திறந்தே கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன், ஆனால் அதன் கண்ணில் கதவு மூடியிருக்கிறது. யாரும் வரவில்லை என்று நினைத்துப் பூட்டிவிடுகிறது. இரண்டு வருடமாக வண்டி துப்புக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் பேய் மேல் பழி போட்டுவிட்டேன்.

உப்பும் உப்புத்தாளும்

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில், கதவு வந்து உட்காரும் இடத்தில், ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்கும். கதவு மூடினால் அமுங்கும், திறந்தால் வெளியே வரும். கதவு சுவிட்ச் என்பது அவ்வளவுதான். பழைய குளிர்சாதனப் பெட்டியில் விளக்குக்கு ஒரு குமிழ் இருக்குமே, அதன் உறவுக்காரன்.

இதற்கு ஒரே ஒரு ஒயர்தான். இன்னொரு முனை, சுவிட்சின் உலோக உடம்பும் அதைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டும் வழியாக வண்டியின் உடம்போடு சேர்ந்து எர்த் ஆகிறது. குமிழ் வெளியே வந்தால் ஒயர் எர்த்தைத் தொடும், கார் அதைப் பார்த்து ‘கதவு திறந்தாச்சு’ என்று புரிந்துகொள்ளும். குமிழ் அமுங்கினால் தொடர்பு அறும். அப்படியென்றால் எர்த் கெட்டுப்போனால், கதவு என்றென்றைக்கும் மூடியதாகவே காருக்குத் தோன்றும். அச்சாக எங்கள் நோய்.

நியூ ஜெர்சியில் பனி விழுவதற்கு முன்பே சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். காலணியோடு ஏறும் உப்புநீர் கதவடியில்தான் சொட்டும். ரப்பர் தொப்பியின் ஓரத்தில் கீறல் இருந்தது. போல்ட்டைக் கழற்றினேன், பாதி வெளியே வந்தபோது பழுப்பு மாவு உதிர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுவிட்சை வெளியே இழுத்ததும், ஒயரைக் கழற்றும் முன் அதைத் தூணோடு சேர்த்து ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒயர் நழுவித் தூணுக்குள்ளே போய்விடும். அப்புறம் உள்பூச்சுப் பலகையைக் கழற்றி மீன் பிடிப்பதுபோல் அதைப் பிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு இதை மச்சான் முன்கூட்டியே சொல்லிவிட்டார். “எல்லாருக்கும் ஒரு தடவ போகும், உனக்குப் போகாம இருக்கட்டும்” என்று.

மின்தொடர்பு இருந்தால் கூவும்படி வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை சுவிட்சின் ஒயர் காலிலும், இன்னொன்றை அதன் உலோக உடம்பிலும் வைத்தேன். குமிழை விட்டால் மீட்டர் கூவியது, அழுத்தினால் நின்றது. சுவிட்சுக்குள் ஒன்றும் ஆகவில்லை. உடம்பும் தூணும் சேரும் இடத்தில்தான் துரு. உப்புத்தாளை மடித்து இரண்டு பக்கமும் பளபளக்கும் வரை தேய்த்தேன், போல்ட்டின் கழுத்தையும். (உப்பு செய்த வினையை உப்புத்தாள் தீர்த்தது என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.) தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்து, காயவிட்டு, மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். கதவைத் திறந்தேன். சிவப்பு விளக்கு. மூடினேன், போனது. இருபதுக்கு இருபது.

இரண்டாம் ஆட்டம்

ஞாயிறு காலை. இந்த முறை கண் டேஷ்போர்டு விளக்கில், காது பூட்டில். சாவி, சாவி. கதவு, கதவு. சாவி. கதவு, கதவு. சாவி, மூடு, ஒரு திருப்பு, எடு. ஒரு வினாடிகூட ஆகவில்லை, நான்கு கதவும் சேர்ந்து ‘டக்-டக்’ என்றது. இவ்வளவு நாள் ஊமையாக இருந்த வண்டி பதில் சொன்னதில் எனக்குக் கை நடுங்கிவிட்டது, பொத்தான்களைச் சட்டென்று அழுத்தி எடுத்தேன். ‘டக்-டக், டக்-டக்’. இரண்டு முறை, அதாவது தோல்வி.

பெரும்பாலானவர்கள் ரிமோட்டைக் குறைசொல்லிக் கைவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இது நல்ல செய்தி. கார் ரிமோட்டைக் கேட்டது, முறைதான் சரியில்லை என்கிறது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தும் அந்த ஒரு வினாடி நிஜமாகவே ஒரு வினாடி இருக்க வேண்டும். நாம் டிவி ரிமோட்டை அழுத்தும் வேகத்தில் அழுத்தினால் போதாது. மகள் ‘ஆயிரத்து ஒண்ணு’ என்று நிதானமாக எண்ண, மறுபடி முதலிலிருந்து செய்தேன். ஒற்றை ‘டக்-டக்’. அவள் வெளியே போய் ரிமோட்டை அழுத்தினாள். திறந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் கதையின் முக்கியமான பாதி தெரியாமலே போயிருக்கும். மூன்று முறை திருப்பினால் எண்ணிக்கை சொல்லும் என்றேனே, ஒரு ஆசைக்கு அதையும் செய்து பார்த்தோம். பதிவாகியிருக்கும் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு முறை பூட்டித் திறக்கும். ஒன்று. இரண்டு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். மூன்று. நான்கு.

எங்களிடம் இருப்பது இரண்டே ரிமோட். இந்த வண்டி நான்கு வரை வைத்துக்கொள்ளும். ஆக, பழைய உரிமையாளர்கள் யாரிடமோ, யாருடைய மேசை இழுப்பறையிலோ, எங்கள் வாசலில் நிற்கும் காரைத் திறக்கக்கூடிய இரண்டு ரிமோட்டுகள் இருந்திருக்கின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை, மறந்தே போயிருப்பார்கள். ஆனால் வண்டி மறக்கவில்லை.

கார் ரிமோட் பாதுகாப்பைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சங்கேதம் மாறிக்கொண்டே போகும் உருளும் குறி முறையைப் பற்றி, அதை உடைத்தவர்களைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவாகி, 1995-இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய ‘கீலாக்’ என்ற உருளும் குறி முறையை 2008-இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ருர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே உடைத்துக் காட்டினார்கள். 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கர் முப்பது டாலர் சொச்சத்தில் ஒரு டப்பா செய்து, ரிமோட்டின் சிக்னலை மறித்துப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தலாம் என்று டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் காட்டினார். எல்லாம் சுவாரசியம்தான். ஆனால் கைமாறி வந்த வண்டி வாங்கியவருக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, முறையாகப் பதிவான, எந்தத் தந்திரமும் தேவைப்படாத, வேறொருவர் கையில் இருக்கும் ரிமோட். அதை அழிக்க ஐந்து நிமிடம் போதும், இந்த யோசனை வந்தால்.

இரண்டு திருப்பு முறையில் எல்லாவற்றையும் அழித்து, எங்கள் இரண்டை மட்டும் எழுதினோம். இதைச் செய்யும்போது வீட்டிலுள்ள எல்லா ரிமோட்டும் கையில் இருக்க வேண்டும். முதலாவது பதிவானதும் அடுத்ததற்கு மறுபடி 40 வினாடி கிடைக்கும். முடிந்ததும் கதவைத் திறந்தால் கார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு எண்ணிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, அமைதி.

மற்ற வண்டிகள்

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தட்டு வைத்திருக்கிறது. நண்பரின் 2001 ஹோண்டா அக்கார்டுக்குக் கதவே வேண்டாம். இக்னிஷனை ‘ஆன்’ செய்து நான்கு வினாடிக்குள் ரிமோட்டை அழுத்தி, அணைத்து, இப்படியே தொடர்ந்தால் நான்காவது சுற்றில் பூட்டு சத்தம் கொடுக்கும். அங்கே புதியது ஒன்றைப் பதிவு செய்தாலே பழையவை அழிந்துவிடும், எனவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்டு பலவற்றில் 10 வினாடிக்குள் எட்டு முறை சாவியைத் திருப்பி ‘ஆன்’-இல் நிறுத்த வேண்டும். அங்கும் அதே விதி, எல்லா ரிமோட்டும் ஒன்றாக. இவற்றில் கதவு சுவிட்சுக்கு வேலை குறைவு என்பதால் எங்களுக்கு வந்த கூத்து வராது. தேய்ந்த சாவியும் ஆடும் இக்னிஷனும் அங்கே வேறு கூத்து காட்டும், எட்டுத் திருப்பில் ஏழைத்தான் வண்டி எண்ணியிருக்கும்.

பிற்காலத்து மாடல்கள் பலவற்றில் இந்தத் தட்டெல்லாம் கிடையாது, காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டினால்தான் உண்டு. அது வசதியா இல்லையா என்பது ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

செலவு: ரிமோட் 14 டாலர், பேட்டரி, ஸ்பிரே. உப்புத்தாள் வீட்டிலேயே கிடந்தது. பிப்ரவரியில் மறுபடி பனி வந்தபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கண்ணாடியைச் சுரண்டினேன். பேய் வரவில்லை. மகளுக்கு மட்டும் புதிதாக ஒரு குறை. சாவியோடு கதவைத் திறந்தால் வண்டி ‘டிங், டிங்’ என்று கத்துகிறதாம், முன்பு இப்படிக் கத்தாதாம், அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.